ஜப்பான் பயிற்சி வேலை: அரசின் கண்காணிப்பை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த தம்பிக்கு ஜப்பானில் ஓர் உலோகப் பாகத் தொழிற்சாலையில் மூன்று ஆண்டுப் பயிற்சி வேலை வந்திருக்கிறது. சென்னையில் உள்ள ஏஜென்சி மூன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறது. சம்பளம் ஒழுங்காக வருமா, அங்கே ஏதாவது ஆனால் யாரிடம் போவது என்று கேட்டால், ‘எல்லாமே ஜப்பான் அரசின் கண்காணிப்பில் நடக்கிறது’ என்ற ஒரே பதில்தான் வருகிறது. அந்தக் கண்காணிப்பு உண்மைதானா என்பது உங்கள் கேள்வி. போகிற போக்கில், அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக நான் பார்க்கவில்லை. இரண்டாவதற்கு நீங்கள் எடுக்கும் முடிவுதான் முதல் கேள்விக்கான பதிலைத் தீர்மானிக்கும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பயிற்சியாளர்களை நிறுவனங்களுக்கு வரவழைத்து மேற்பார்க்கும், ஜப்பானில் ‘குமியாய்’ என்று எல்லோரும் சொல்லும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, பிறகு தொழிற்சாலைகளுக்குத் தணிக்கைக்குப் போகும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தேன். இப்போது அதில் இல்லை. நான் வழக்கறிஞர் அல்ல. தம்பிக்குக் கிடைத்திருக்கும் நிறுவனம் எது என்று தெரியாததால் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல மாட்டேன். இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது, எங்கே ஓட்டை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கண்காணிப்பு என்பது வெறும் பேச்சல்ல. தம்பி போகவிருக்கும் ‘தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம்’ 1993-இல் தொடங்கியபோது, வளரும் நாடுகளுக்குத் தொழில் திறனைக் கொண்டு சேர்ப்பதே நோக்கம் என்றார்கள். நடந்ததோ, ஜப்பானிய இளைஞர்கள் வர மறுத்த பட்டறைகளுக்கும் வயல்களுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் ஆள் சேர்ப்பது. முதல் ஆண்டில் வருபவர் சட்டப்படி தொழிலாளியே அல்ல, வெறும் பயிற்சியாளர். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. 2010 ஜூலையில்தான் இது மாறியது. நாட்டில் இறங்கியதும் நடக்கும் வகுப்புகள் முடிந்து தொழிற்சாலைக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அவர் தொழிலாளி. ஜப்பானியருக்கு உள்ள தொழிலாளர் சட்டம் முழுவதும் அவருக்கும் உண்டு. அதன் பிறகும் புகார்கள் ஓயாததால் 2016-இல் பயிற்சியாளர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கென்றே ஓர் அமைப்பையும் நிறுவினார்கள். ‘கிகோ’ என்பார்கள் (ஆங்கிலச் சுருக்கம் OTIT), நீதி அமைச்சகமும் தொழிலாளர் நல அமைச்சகமும் சேர்ந்து அதை மேற்பார்க்கின்றன.

இந்தக் கிகோ, வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போடப்படும் பயிற்சித் திட்டத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறது. என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், எங்கே தங்குவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஜப்பானியருக்குக் கொடுப்பதைவிடச் சம்பளம் குறையக் கூடாது. படுக்கும் இடம் ஒருவருக்கு 4.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. குமியாய்களை ஆண்டுக்கு ஒரு முறையும், வேலை கொடுக்கும் நிறுவனங்களை மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் கிகோவின் ஆட்கள் நேரில் ஆய்வு செய்வார்கள். அடித்தோ மிரட்டியோ அடைத்து வைத்தோ பயிற்சிக்கு வற்புறுத்தினால் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை அல்லது அபராதம். பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். ‘பாதியில் நின்றால் இத்தனை லட்சம் அபராதம்’ என்று எழுதி வாங்குவதும் குற்றம். இவை ஏட்டில் உள்ளவை. இவற்றில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

சிக்கல் அன்றாட மேற்பார்வையில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வரும் அரசு ஆளைத் தம்பி தன் பயிற்சிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் பார்க்க வாய்ப்பு உண்டு. மற்றபடி அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டியது குமியாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தணிக்கை, முதல் ஆண்டில் மாதம் ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பது, பயிற்சியாளர்களில் குறைந்தது கால்வாசிப் பேரிடமாவது தணிக்கையின்போது பேசுவது என்று விதிகள் கறாராகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் குமியாய்க்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வேலை கொடுக்கும் நிறுவனம் தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் கட்டணம் கட்டுகிறது. நிறுவனமே சங்கத்தின் உறுப்பினர். கறாராக இருக்கும் குமியாயை விட்டு, கண்டும் காணாமல் இருக்கும் குமியாய்க்கு மாறிக்கொள்ள நிறுவனத்தால் முடியும். கண்காணிக்கப்படுபவரே கண்காணிப்பவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாட்டில், ஊழியர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் ஓர் எல்லைக்கு மேல் குரல் உயராது. உள்ளேயிருந்து பார்த்தவன் என்பதால் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

தணிக்கை நாள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். எந்த நாள், எத்தனை மணி என்பது நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரியும். கூட்ட அறையில் பச்சைத் தேநீர் வைத்திருப்பார்கள். கோப்பில் வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பயிற்சிக் குறிப்பேடு மூன்றும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தும். பையன்கள் ஒவ்வொருவராக வருவார்கள். பிரிவுத் தலைவர் அதே அறையில், உதவி செய்வதுபோல, உட்கார்ந்திருப்பார். ‘பிரச்சினை ஏதாவது உண்டா?’ என்று கேட்டால் ‘தாய்ஜோபு’ என்பார்கள், எல்லாம் சரி என்று. உலோகத் தகடுகளை அழுத்தி வடிக்கும் பட்டறை ஒன்றில் இப்படியே எல்லாம் முடிந்து, வண்டியை எடுக்கப் போனபோது, உள்ளே தாய்ஜோபு சொன்ன அதே இந்தோனேசியப் பையன் குப்பை கொட்ட வந்தவன்போல வந்து, கைப்பேசியைத் திறந்து காட்டினான். சுவரில் மாட்டியிருக்கும் வருகை அட்டைகளை மாதம் முழுவதும் படம் எடுத்து வைத்திருந்தான். மாலை ஐந்து மணிக்கு அட்டையைக் குத்தச் சொல்லிவிட்டு, மறுபடி எட்டரை வரை வேலை வாங்கியிருக்கிறார்கள். இரண்டாம் பகுதிக்குக் கையெழுத்தில் வேறு ஒரு தாள். அதற்கு மணிக்கு இவ்வளவு என்று ரொக்கம், சட்டப்படியான 25 சதவீதக் கூடுதல் இல்லாமல். நான் பார்த்த கோப்பில் அந்தத் தாள் இல்லவே இல்லை.

அந்தப் படங்கள்தான் கடைசியில் அவனுக்குப் பணம் வாங்கிக் கொடுத்தன. வாங்கிக் கொடுத்தது எங்கள் குமியாய் அல்ல. தொழிலாளர் தரநிலை ஆய்வு அலுவலகம். ஜப்பானிய அரசின் கண்காணிப்பில் உண்மையான பல் இருப்பது இந்த அலுவலகத்துக்குத்தான் என்பது என் கணிப்பு. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையலாம், ஏடுகளை எடுக்கச் சொல்லலாம், குற்றமென்றால் வழக்கை அரசு வழக்கறிஞருக்கு அனுப்பலாம். 2023-இல் பயிற்சியாளர்கள் வேலை செய்யும் 10,378 இடங்களை அவர்கள் ஆய்வு செய்ததில் 7,602 இடங்களில் ஏதாவது ஒரு சட்ட மீறல் இருந்தது. நான்கில் மூன்று என்ற இந்தக் கணக்கை வைத்து இணையத்தில் பயமுறுத்துகிறார்கள். சந்தேகத்துக்குரிய இடங்களைத் தேர்ந்தெடுத்துப் போவதால் எல்லா நிறுவனங்களுக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; மருத்துவப் பரிசோதனை விதியை மீறுவதுகூட இதில் ஒரு மீறலாகத்தான் எண்ணப்படும். ஆனால் முன்வரிசையில் இருப்பவை இயந்திரப் பாதுகாப்பும் மிகைநேர ஊதியமும் என்பதால், உலோகத்தை அழுத்தும் இயந்திரத்தின் முன் நிற்கப் போகும் உங்கள் தம்பிக்கு இது சம்பந்தமில்லாத செய்தியல்ல. கைக்காப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு வேகமாக ஓட்டச் சொன்னால் மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை இங்கிருந்தே சொல்லி அனுப்புங்கள்.

கண்காணிப்பு முற்றிலும் தோற்றுப்போன நேரங்களும் உண்டு. ஒகயாமாவில் கட்டுமான நிறுவனம் ஒன்றில் வியட்நாம் பயிற்சியாளர் ஒருவரைச் சக ஊழியர்கள் சுமார் இரண்டு ஆண்டுகள் அடித்துத் துன்புறுத்தியது 2022 ஜனவரியில் வீடியோவுடன் வெளிவந்தது. விலா எலும்பு முறிந்திருந்தது. அந்தக் காலம் முழுவதும் மூன்று மாதத்துக்கு ஒரு தணிக்கை நடந்திருக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். விஷயத்தை வெளிக்கொண்டு வந்தது பக்கத்து ஹிரோஷிமா மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய தொழிற்சங்கம். அதன் பிறகுதான் அரசு விழித்து, நிறுவனத்தின் பயிற்சித் திட்டங்களை ரத்து செய்தது. எனவே தணிக்கை நடக்கிறது என்பதும் பாதுகாப்பு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

அடிபட்டவர்கள் ஏன் உடனே சொல்வதில்லை? இங்கேதான் நகைக்கு வருகிறேன். ஜப்பானிய குடியேற்ற நிர்வாகம் 2022-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, பயிற்சியாளர்கள் புறப்படும் முன், தங்களை அனுப்பும் சொந்த நாட்டு நிறுவனத்துக்கும் தரகர்களுக்கும் கொடுத்தது சராசரியாக 5,42,311 யென். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். பாதிக்கும் மேற்பட்டோர் அதற்காகக் கடன் வாங்கியிருந்தார்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். வியட்நாமியர் சுமார் 6,88,000 யென் கொடுத்தபோது பிலிப்பைன்ஸ்காரர் கொடுத்தது சுமார் 95,000 தான். பிலிப்பைன்ஸ் அரசு தன் பக்கத்தில் கறாராக நின்றதன் பலன் அது. கடனோடு வருபவர் முதல் ஒன்றரை ஆண்டு வட்டிக்கும் அசலுக்கும் உழைக்கிறார். பழைய விதிப்படி நிறுவனத்தை அவராக மாற்றிக்கொள்ளவும் முடியாது. புகார் கொடுத்து வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும், கடன் அப்படியே நிற்கும். அந்த நிலையில் யார் கேட்டாலும் தாய்ஜோபுதான் பதில். பொறுக்க முடியாதவர்கள் சொல்லிக்கொள்ளாமல் ஓடிவிடுகிறார்கள். 2023-இல் மட்டும் அப்படிக் காணாமல்போனவர்கள் 9,753 பேர். ஓடியதும் அவர்கள் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர்களாக அல்லாமல் விசா மீறியவர்களாக ஆகிவிடுகிறார்கள். ஆக, அரசின் காது திறந்துதான் இருக்கிறது. அதில் பேசத் துணிவு கடன் இல்லாதவருக்குத்தான் வருகிறது. நகையை அடகு வைக்காதீர்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே. கட்டத்தான் வேண்டுமென்றால், வேலை ஒரே மாதத்தில் நின்றாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகையாக இருக்கட்டும். அப்போதுதான் அவரால் அங்கே வாய் திறக்க முடியும்.

ஜப்பான் அரசுக்கும் இது புரிந்துவிட்டது. 2024 ஜூனில் இந்தத் திட்டத்தையே ஒழித்துவிட்டுப் புதிய திறன் வளர்ப்பு வேலைவாய்ப்பு முறையைச் சட்டமாக்கினார்கள். 2027 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. ஆள் பற்றாக்குறைக்காகத்தான் அழைக்கிறோம் என்று அதில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். துறையைப் பொறுத்து ஓராண்டு அல்லது இரண்டாண்டு முடிந்து, மொழித் தேர்விலும் திறன் தேர்விலும் தேறினால், அதே துறையில் வேறு நிறுவனத்துக்குத் தானாக மாறிக்கொள்ளலாம். குமியாய்களுக்கு வெளித் தணிக்கையாளர் கட்டாயம். அனுப்பும் நிறுவனத்துக்குத் தொழிலாளி கொடுக்கும் தொகை, ஜப்பானில் அவர் வாங்கப் போகும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 1,80,000 யென் என்று வைத்தால் உச்சவரம்பு 3,60,000 யென். இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சற்று கூடக் குறைய. உங்களிடம் கேட்கும் மூன்றரை லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது சட்டம். நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை பாதி, ஐயம் பாதி. டோக்கியோ ஓசாகா நோக்கி எல்லோரும் மாறிவிடுவார்களோ என்று கிராமப்புற நிறுவனங்கள் இப்போதே அஞ்சுகின்றன; அந்த அச்சம் மாற்றத்துக்கு மறைமுகத் தடைகளாக உருவெடுக்கலாம். குமியாய்க்கு நிறுவனமே பணம் கட்டும் அடிப்படை அப்படியே இருக்கிறது. கொரியாவைப் பாருங்கள். அங்கேயும் இதே போன்ற பயிற்சியாளர் முறைதான் இருந்தது. 2004-இல் அரசுக்கும் அரசுக்கும் இடையிலான அனுமதி முறையைக் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் பழையதை மூடினார்கள். இலங்கையிலிருந்து கொரியா போகிறவர்கள் மொழித் தேர்வு எழுதி, வேலைவாய்ப்புப் பணியகம் வழியாகப் போவது இந்த ஏற்பாட்டில்தான். நடுவில் தனியார் தரகருக்கு இடமில்லை. அங்கும் வேலை மாற்றக் கட்டுப்பாடு பற்றிய புகார்கள் உண்டு. ஆனால் தரகுக் கடன் என்ற சுமையை அது வெகுவாகக் குறைத்தது. ஜப்பான் அந்த அளவுக்குத் துணியவில்லை என்பது என் வருத்தம். தம்பி 2027 ஏப்ரலுக்கு முன்பே பயிற்சியாளராக நுழைந்துவிட்டால் பழைய விதிகளின் கீழேயே தொடர்வார். சில மாதங்கள் பொறுத்துப் புதிய முறையில் போக வாய்ப்பு இருந்தால் நானாக இருந்தால் பொறுப்பேன். ஏஜென்சி அவசரப்படுத்தினால், அந்த அவசரம் யாருடையது என்று கேளுங்கள்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியது இனி. இந்தியாவும் ஜப்பானும் 2017 அக்டோபரில் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மேற்பார்வை தேசிய திறன் மேம்பாட்டுக் கழகத்திடம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட அனுப்பும் நிறுவனங்களின் பட்டியலைக் கிகோ நாடுவாரியாகத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. உங்களிடம் பேசும் ஏஜென்சியின் பெயர், எழுத்துக்கு எழுத்து அதே பெயர், அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘நாங்கள் அவர்களுடைய கிளை’, ‘அவர்களுடன் சேர்ந்து செய்கிறோம்’ என்றால் அது இடைத்தரகு. மூன்றரை லட்சத்தைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: மொழி வகுப்பு எவ்வளவு, விசா எவ்வளவு, விமான டிக்கெட் எவ்வளவு, சேவைக் கட்டணம் எவ்வளவு. பொதுவாக நம் நாட்டில் பதிவு பெற்ற வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. மிச்சம் எந்தத் தலைப்பில் போகிறது என்பது தெரிய வேண்டும். பணத்தை வங்கி வழியாகக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். ‘ஓடிப்போனால் இத்தனை லட்சம்’ என்று வெற்றுப் பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்துக் கேட்டாலும் அப்படியே. சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் நேரில் விசாரிக்கலாம்.

போன பிறகு: விமான நிலையத்தில் இறங்கியதும் ஒரு சிறிய கையேடு கொடுப்பார்கள். பெட்டியில் போட்டுவிட வேண்டாம். கிகோவின் ஆலோசனைத் தொலைபேசி எண்கள் அதில்தான் இருக்கின்றன. தமிழில் பேச ஆள் இல்லை, ஆங்கிலத்தில் உண்டு. முதல் வாரத்திலேயே ஒப்பந்தம், பயிற்சித் திட்டத்தின் நகல், குடியிருப்பு அட்டையின் இரு பக்கம் ஆகியவற்றைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன் பிறகு மாதந்தோறும் சம்பளச் சீட்டு. அதில் வாடகை, மின்சாரம் என்ற பிடித்தங்களைக் கவனியுங்கள். எழுதி ஒப்புக்கொண்ட பிடித்தம் மட்டுமே செல்லும், வாடகையில் நிறுவனம் லாபம் பார்க்கக் கூடாது. வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை இவற்றைத் தினமும் ஒரு சிறு நோட்டில் தம்பி தன் கையால் எழுதட்டும். ஆய்வு அலுவலகத்தில் அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு. முதலில் குமியாயிடம் சொல்லட்டும், வாயால் அல்லாமல் குறுஞ்செய்தியாக, பதிவு இருக்கும்படி. நடவடிக்கை இல்லையென்றால் கிகோ. சம்பளம், நேரம், காயம் என்றால் நேரே தரநிலை ஆய்வு அலுவலகம். தனியாளாகச் சேரக்கூடிய தொழிற்சங்கங்கள் பல வட்டாரங்களில் உள்ளன; சேருவதைத் தடுக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. வன்முறையும் துன்புறுத்தலும் நடந்தால் பழைய முறையிலேயே நிறுவனம் மாற இடமுண்டு. கட்டாயப்படுத்தி விமானம் ஏற்ற வந்தால், புறப்பாட்டுக் குடியேற்ற மேசையில் ‘என் விருப்பத்தோடு போகவில்லை’ என்று சொன்னால் போதும்; அதைக் கேட்டு உறுதிசெய்யும் நடைமுறை 2016 முதல் இருக்கிறது. எது நடந்தாலும் ஓடிப்போகக் கூடாது, அந்த ஒன்று மட்டும் வேண்டாம்.

நல்ல நிறுவனமாக அமைந்து மூன்று ஆண்டும் ஒழுங்காக முடிந்தால்கூட ஒரு பணத்தைப் பலர் விட்டுவிட்டு வருகிறார்கள். சம்பளத்தில் பிடித்த ஓய்வூதியச் சந்தாவில் ஒரு பகுதியை, நாடு திரும்பிய இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்து மொத்தமாக வாங்கலாம். அதில் 20.42 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். ஜப்பானில் ஒரு வரிப் பிரதிநிதியை நியமித்துவிட்டு வந்தால் அந்த வரியையும் திரும்பக் கேட்கலாம். படிவத்தையும் ஓய்வூதிய எண்ணையும் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊருக்கு வந்த பிறகு கேட்டால் பழைய நிறுவனம் மின்னஞ்சலுக்குப் பதில் போடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.